சிகாகோவில் ஒரே ஒரு ஹாட் டாக் என்றால் எந்தக் கடை?

சிகாகோவுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால் சுற்றிக்காட்டும் பட்டியல் இங்குள்ள தமிழ் வீடுகளில் ஏறக்குறைய ஒன்றுதான். வில்லிஸ் டவர், மில்லேனியம் பார்க்கில் அந்தப் பளபளக்கும் 'பீன்', மிச்சிகன் ஏரிக்கரை, ஒரு நாள் அரோரா பாலாஜி கோயில், இன்னொரு நாள் டெவன் அவென்யூவில் மளிகையும் மசால் தோசையும். அமெரிக்கச் சாப்பாடு எங்கே என்று கேட்டால் டீப் டிஷ் பீட்சாக் கடையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவோம். அரை மணி நேரம் காத்திருந்து, ஒரு துண்டுக்கு மேல் சாப்பிட முடியாமல், மிச்சத்தை அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு திரும்புவார்கள்.

இந்த ஊரின் குணத்தை ஒரே வேளையில் காட்ட வேண்டுமென்றால், பல பத்தாண்டுகளாக ஒரே இடத்தில் ஒரே பிடிவாதத்தோடு நடக்கும் ஒரு ஹாட் டாக் கடைக்கு அழைத்துப் போவதே மேல். அப்படிப்பட்டவை இங்கே ஏராளம். அவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: வடமேற்கு மூலையில் 1948 முதல் இருக்கும் சூப்பர்டாக், புறநகரான ரிவர் குரோவில் இருக்கும், 1946-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் ஜீன் அண்ட் ஜூட்ஸ், லிங்கன் பார்க் பகுதியில் 1983-ல் தொடங்கிய வீனர்ஸ் சர்க்கிள். மூன்றுக்கும் மூன்று விதமான கிறுக்கு உண்டு. எது சிறந்த ஹாட் டாக் என்று ஊர்க்காரர்கள் விடிய விடிய வாதாடுவார்கள். விருந்தாளியோடு போகிற நமக்கு அந்த வாதம் இரண்டாம் பட்சம். காரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் எந்தக் கிறுக்கை ரசிப்பார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதை வைத்தே கடையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கட்சி.

முதலில் பண்டத்தைப் பற்றி. சிகாகோ ஹாட் டாக் என்பது மாட்டிறைச்சி மட்டும் சேர்த்த தொத்திறைச்சி (சாசேஜ்). கசகசா தூவிய மிருதுவான பன்னை ஆவியில் சூடாக்கி அதற்குள் வைப்பார்கள். மேலே மஞ்சள் கடுகு சாஸ், கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்தில் இனிப்பும் புளிப்புமான ரெலிஷ் (பொடிப்பொடியாக நறுக்கிய ஊறுகாய்), பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளித் துண்டுகள், நீளவாக்கில் வெட்டிய வெள்ளரி ஊறுகாய், வினிகரில் ஊறிய குட்டிப் பச்சை மிளகாய் இரண்டு, கடைசியாக ஒரு சிட்டிகை செலரி உப்பு. அந்த மிளகாய்க்கு ஸ்போர்ட் பெப்பர் என்று பெயர். நம் நாக்குக்கு முதலில் பிடித்துப்போவது அதுதான். தாராளமாக இன்னும் இரண்டு கேளுங்கள்.

கெட்சப் கிடையாது. இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இவர்கள் முழு வேடிக்கையாகச் சொல்வதில்லை. அமெரிக்கத் தொத்திறைச்சித் தயாரிப்பாளர்களின் ஹாட் டாக் கவுன்சில் வெளியிட்ட நாகரிக விதிகளிலேயே, 18 வயதுக்கு மேல் ஹாட் டாக்கில் கெட்சப் ஊற்றக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. ரெலிஷிலும் தக்காளியிலும் ஏற்கெனவே இனிப்பு இருப்பதால் மேலும் இனிப்புச் சாறு எதற்கு என்பது காரணம். நியாயமான காரணம்தான். 2017-ல் ஹைன்ஸ் நிறுவனம் தன் கெட்சப்பையே 'சிகாகோ டாக் சாஸ்' என்று பெயர் மாற்றிப் பாட்டிலில் அடைத்து இந்த ஊரைச் சீண்டிப் பார்த்தது. ஊர் மசியவில்லை.

ஏன் மாட்டிறைச்சி என்ற கேள்விக்கு விடை குடியேற்ற வரலாற்றில் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் பன்றி இறைச்சியைத் தொடாதவர்கள். இந்த ஊரின் தொத்திறைச்சித் தொழிலில் அவர்கள் கை ஓங்கியிருந்தது. ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்து வந்த எமில் ரைகல், சாமுவேல் லடானி என்ற இருவர் 1893-ல் இங்கே நடந்த உலகக் கண்காட்சியில் தங்கள் தொத்திறைச்சியை விற்றார்கள். அதுவே பிறகு வியன்னா பீஃப் நிறுவனமாயிற்று. இன்றும் ஊரின் பெரும்பாலான கடைகளுக்குச் சரக்கு அங்கிருந்துதான் வருகிறது. அதே கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வ சமய மாநாட்டில்தான் விவேகானந்தர் பேசினார். அவரைச் சிகாகோவுக்குப் போகும்படி தூண்டியவர்களில் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியும் ஒருவர். அவர் பேசிய இடத்தைப் பார்க்க ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்கு விருந்தாளிகளை அழைத்துப் போகிறவர்கள், அன்று மாலை சாப்பிடப் போகிற பண்டமும் அதே ஆண்டில் அதே ஊரில் கடை விரித்தது என்பதைச் சேர்த்துச் சொல்லலாம்.

இந்த மாட்டிறைச்சிதான் நம் பட்டியலிலிருந்து ஹாட் டாக் விடுபட்டுப்போகக் காரணமும். வந்திருப்பவர் மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் அதைப் பூசி மெழுகக் கூடாது. எந்தக் கடையிலும் பெயர் பெற்ற பண்டம் அதுதான். இஸ்லாமிய நண்பர்களுக்கும் ஒரு சொல்: பன்றி இல்லை என்பதால் ஹலால் என்று ஆகிவிடாது. ஆகவே கடையைத் தேர்ந்தெடுக்கும்போது, ஹாட் டாக் தவிர வேறு என்ன கிடைக்கும் என்பதும் நமக்கு ஒரு முக்கியமான அளவுகோல். அமெரிக்கர்கள் எழுதும் ஒப்பீடுகளில் இந்த அளவுகோல் இருக்காது.

சூப்பர்டாக்

மில்வாக்கி அவென்யூவும் டெவனும் நேகலும் சந்திக்கும் முனையில் ஒரு சிறிய கட்டடம். கூரையின் மேல் 12 அடி உயரத்தில் இரண்டு ஹாட் டாக் பொம்மைகள். ஒன்று சிறுத்தைத் தோல் உடுத்திப் புஜத்தை மடக்கிக் காட்டுகிறது. மற்றொன்று பாவாடை அணிந்து அதை ரசித்துப் பார்க்கிறது. இரவில் இரண்டுக்கும் கண் மினுங்கும். பெயர் மோரி, ஃப்ளோரி. கடையைத் தொடங்கிய மோரி பெர்மன், ஃப்ளோரி பெர்மன் தம்பதியின் பெயர்களேதான். மோரி இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிக் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தவர். ஃப்ளோரி பள்ளி ஆசிரியை. கல்லூரிச் செலவுக்காகக் கோடை மாதங்களில் மட்டும் நடத்தலாம் என்று தொடங்கிய கடை. கட்டடத்தையும் பொம்மைகளையும் மோரியே வரைந்தார். அவர் கணக்காளராகத் தேறியும் விட்டார். ஆனால் கணவனும் மனைவியும் கடையை விடவில்லை. மோரி 2015-லும் ஃப்ளோரி 2018-லும் காலமானார்கள். பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் நடத்துகிறார்கள்.

இங்கே சாப்பிடும் முறையே வேறு. காரைக் கூரைக்கு அடியில் நிறுத்தினால் பக்கத்திலேயே ஒலிபெருக்கி பொருத்திய பெட்டி இருக்கும். அதில் ஆர்டர் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் பணியாளர் ஒருவர் தட்டைக் கொண்டுவந்து கார்க் கண்ணாடியின் விளிம்பில் மாட்டிவிட்டுப் போவார். 1950-களில் அமெரிக்கா முழுவதும் இருந்த வழக்கம் இது. இப்போது சில இடங்களில்தான் மிச்சம். உள்ளே போய் வாங்கவும் வழி இருக்கிறது. ஆனால் இந்தக் கடைக்கு வந்து காரைவிட்டு இறங்குவது வீண் வேலை.

தட்டில் வருவது காகிதத்தில் சுற்றிய பொட்டலம் அல்ல, ஒரு அட்டைப் பெட்டி. அதன் மேல் பொம்மையின் படம். திறந்தால் முதலில் ஆவி, பிறகு நெளிநெளியாக வெட்டிய உருளைக்கிழங்கு வறுவல் ஒரு மெத்தையாக. அந்த மெத்தையில் பாதி புதைந்து படுத்திருக்கிறது ஹாட் டாக். பெட்டி மேலேயே, உங்கள் சூப்பர்டாக் வறுவலில் சாய்ந்து ஓய்வெடுக்கிறது என்ற பொருளில் ஒரு நீளமான கூற்று அச்சிட்டிருக்கிறது. படித்துவிட்டுத் திறப்பவர்கள் சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. இவர்கள் வியன்னா பீஃப் சரக்கை வாங்குவதில்லை. தங்களுக்கென்று தனிச் சேர்க்கையில் செய்த, கொஞ்சம் பருமனான தொத்திறைச்சி. தக்காளிக்குப் பதில் ஊறுகாயாகப் போட்ட பச்சைத் தக்காளி வைப்பார்கள். சிகாகோ இலக்கணத்தைக் கறாராகப் பார்ப்பவர்கள் இதற்கு முகம் சுளிக்கலாம். எனக்கு அந்தப் பச்சைத் தக்காளியின் துவர்ப்பும் புளிப்பும் சாதாரணத் தக்காளியைவிட எவ்வளவோ தேவலை. டிசம்பரில் இங்கே கிடைக்கும் தக்காளியில் சுவை என்று ஒன்று உண்டா என்ன?

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்குக் கோழி சாண்ட்விச்சும் இறாலும் இருக்கின்றன. சைவர்களுக்கு வறுவலும் மில்க் ஷேக்கும். எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று கடைகளில் இங்கேதான் விலை கூடுதல். வறுவலும் சேர்ந்தே வருவதால் அதை ஒரு முழுச் சாப்பாட்டின் விலையாகப் பாருங்கள்.

நமக்கு இன்னொரு வசதி: டெவன் என்றாலே நம்மவர்களுக்கு நினைவு வருவது வெஸ்டர்ன் அவென்யூவுக்கு அருகில் இருக்கும் இந்தியக் கடைவீதி. அதே டெவனில் மேற்கே சுமார் 5 மைல் போனால் சூப்பர்டாக். வெங்காயமும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியிலேயே முடித்துவிடலாம். வடக்குப் புறநகர்களில் இருப்பவர்களுக்கு வீலிங்கில் 2010-ல் திறந்த இரண்டாவது கிளை அருகில் இருக்கும். பொம்மைகள் அங்கும் கூரையில் நிற்கின்றன. 1948 மட்டும் அங்கே இல்லை. இரண்டுக்கும் போகும் வாய்ப்பு இருந்தால் பழையதற்கே போங்கள்.

ஜீன் அண்ட் ஜூட்ஸ்

இங்கே பொம்மை இல்லை, பெட்டி இல்லை, நாற்காலி இல்லை, கெட்சப்பும் இல்லை. கடைசி இரண்டையும் கடையே எழுதி அறிவிக்கிறது. இல்லாதவற்றைப் பட்டியலிட்டுப் பெருமைப்படும் கடை இது. ஜீன் மோர்மினோ என்பவர் 1940-களில் சிகாகோ நகருக்குள் நடத்திய ஹாட் டாக் கடையைச் சீட்டாட்டத்தில் தோற்றார் என்பது ஊரறிந்த கதை. பிறகு பணம் சேர்த்து, ஜூட் டிசாண்டிஸ் என்ற நண்பரோடு கூட்டுச் சேர்ந்து, ரிவர் குரோவில் மறுபடி திறந்தார். அதனால்தான் பெயரில் இரண்டு பேர்.

இவர்கள் தருவது சிகாகோ ஹாட் டாக்கின் இன்னொரு கிளை. தக்காளி, வெள்ளரி ஊறுகாய், செலரி உப்பு எதுவும் இல்லை. கடுகு சாஸ், ரெலிஷ், வெங்காயம், மிளகாய், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு கை உருளைக்கிழங்கு வறுவலை அப்படியே அமுக்கி வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் காகிதத்தில் சுருட்டித் தருவார்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் மேக்ஸ்வெல் தெருவில் ஐந்து சென்ட்டுக்கு ஒரு முழுச் சாப்பாடாக விற்ற ஹாட் டாக்கின் வழித்தோன்றல் என்று இதைச் சொல்வார்கள். வேலையில்லாதவன் ஒரு நாணயத்தில் வயிற்றை நிரப்ப வேண்டுமென்றால் வறுவலும் உள்ளேயே இருந்தாக வேண்டுமல்லவா?

வரிசை வாசல் வரை வந்துவிடும். ஆனால் நிற்காமல் நகரும். கவுன்டருக்குப் பின்னால் ஒருவர் உருளைக்கிழங்கை அழுத்துப் பொறியில் வைத்து நெம்புகோலை இழுத்துக்கொண்டே இருப்பார். வெட்டு விழும் சத்தம் ஓயாது. விழுந்த துண்டுகள் நேராக எண்ணெய்க்குப் போகும். அடுத்தவர் காகிதத்தை விரித்து, அதன்மேல் பன், தொத்திறைச்சி, ஒரே இழுப்பில் கடுகு சாஸ், கரண்டியால் ரெலிஷ், வெங்காயம், மிளகாய், ஒரு குத்து வறுவல். காகிதம் இரண்டு சுற்று. நம் முறை வரும்போது என்ன வேண்டும், எத்தனை, மிளகாய் வேண்டுமா என்பதைச் சொல்லிவிட வேண்டும். யோசிக்க நேரம் கேட்டால் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார். யோசிக்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒற்றை, இரட்டை, சோளமாவும் மாட்டிறைச்சியும் சேர்ந்த தமாலே, வறுவல், குளிர்பானம். பட்டியல் அங்கேயே முடிகிறது.

பொட்டலத்தைப் பிரித்ததும் வறுவல் மொறுமொறுப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். செய்தித்தாளில் மடித்த சூடான பஜ்ஜி ஆவியில் வதங்குவது போல அது தளர்ந்து, வெங்காயமும் கடுகு சாஸும் ஏறி, ஹாட் டாக்கின் ஒரு பகுதியாகவே ஆகியிருக்கும். சிலருக்கு இது ஏமாற்றம். எனக்கு இதுதான் மூன்றில் சிறந்த ஹாட் டாக், சந்தேகமே இல்லை. இயற்கைத் தோல் உள்ள தொத்திறைச்சியைக் கடிக்கும்போது 'டப்' என்று ஒரு சிறிய வெடிப்பு உண்டு. அதற்குப் பின்னால் மிளகாயின் காரம், அதற்குப் பின்னால் உப்பேறிய உருளைக்கிழங்கு. 2011-ல் பிரபலமான ஒரு சமையல் பத்திரிகை அமெரிக்காவின் முதல்தர ஹாட் டாக் என்று இதைத் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பிறகும் நாற்காலி போடவில்லை என்பதை நான் ஒரு தகுதியாகவே எண்ணுகிறேன்.

ஆனால் இந்தக் கடைக்கு யாரை அழைத்துப் போவது? சாப்பாட்டின்மேல் உண்மையான ஆசை உள்ளவரை. கல்லூரி நண்பன், தம்பி முறை உள்ள பையன்கள், ஊரில் எந்தத் தள்ளுவண்டியில் எது நன்றாக இருக்கும் என்று தெரிந்துவைத்திருக்கும் சித்தப்பா. முழங்கால் வலியுள்ள அத்தையை அழைத்துப் போய்ச் சுவரோரப் பலகை முன்னால் நிற்க வைத்தால், அமெரிக்காவில் உட்கார நாற்காலிகூட இல்லை என்ற செய்தி தூத்துக்குடி வரை போகும். காரில் உட்கார்ந்து சாப்பிடலாம்தான். ஆனால் தட்டில்லாமல் மடியில் வைத்து இந்தப் பொட்டலத்தைப் பிரிப்பது தனி வித்தை. வாடகைக் காருக்கு ஆகாது. மாட்டிறைச்சி சாப்பிடாதவரை இங்கே கூட்டிப் போவதில் பொருளே இல்லை. வேறு எதையும் செய்யாததுதான் இந்தக் கடையின் பெருமை.

ஓஹேர் விமான நிலையத்துக்குத் தென்கிழக்கே, கொஞ்ச தூரத்தில்தான் கடை. போக்குவரத்து ஒத்துழைத்தால் காரில் 15, 20 நிமிடம். ஆகவே விமானம் மாறும் இடைவெளியில் நாலைந்து மணி நேரம் மாட்டிக்கொண்டவருக்கும், ஒருவரை ஏற்றிவிட வந்து வெறும் வயிற்றோடு திரும்புகிறவருக்கும் மூன்றில் இதுதான் கைக்கு அருகில். ரொக்கம் வைத்துக்கொண்டு போங்கள்.

வீனர்ஸ் சர்க்கிள்

இதைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறேன். ஆனால் வருகிற இளைஞர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இங்கே வாடிக்கையாளரைத் திட்டுவார்கள். கிளார்க் தெருவில் பார்கள் மூடிய பிறகு வருகிற கூட்டத்தைப் பணியாளர்கள் கெட்ட வார்த்தையில் விளாசுவதும், கூட்டம் பதிலுக்குத் திட்டுவதும் ஒரு கூத்தாகவே நடக்கும். 1990-களில், குடிபோதையில் ஆர்டர் சொல்லத் தெரியாமல் நின்ற ஒருவரை உரிமையாளரே திட்டப்போக, அது பிடித்துப்போய் வழக்கமாயிற்று என்பது கதை. வெளியே இருக்கும் எழுத்துப் பலகையில் அரசியல்வாதிகளை வம்புக்கு இழுக்கும் வாசகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். அவை பெரும்பாலும் உண்மையிலேயே சிரிப்பு வரவழைப்பவை. 2012-ல் கோனன் ஓ'பிரையனின் தொலைக்காட்சி நிகழ்ச்சி, மனிதர்களைக் கிண்டலடிக்கும் நாய்ப் பொம்மையை இங்கே அனுப்பிப் படம் எடுத்த பிறகு கடையின் பெயர் இன்னும் பரவியது.

பண்டத்தில் குறையில்லை. மற்ற இரண்டு கடைகளிலும் இல்லாத ஒன்றை இங்கே செய்கிறார்கள்: தணலில் சுட்ட ஹாட் டாக். முனைகளைக் கீறிச் சுடுவதால் அவை விரிந்து கருகி, மொறுமொறுப்பாக வரும். அதன் மேல் சிகாகோ இலக்கணப்படி எல்லாமும் ஏறும். புகை மணத்தோடு ஊறுகாயும் வெங்காயமும் சேரும்போது நன்றாகவே இருக்கிறது. சுட்டதன் ருசி தெரிந்த நம் நாக்குக்கு, தண்ணீரில் சூடாக்கிய தொத்திறைச்சியைவிட இது சட்டென்று பிடிபடும்.

கடையின் கூத்துதான் எனக்கு ஒட்டவில்லை. பின்னிரவில் திட்டு வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார இளைஞர்கள். திட்டுகிற பணியாளர்களில் பலர் கறுப்பினப் பெண்கள். போதை ஏற ஏற, விளையாட்டுத் திட்டு இனவெறி வசவாக மாறுவதை 2007-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி படம்பிடித்தே காட்டியது. அதைப் பார்த்த பிறகு, வரிசையில் நின்று சிரிப்பது எளிதல்ல. அந்தப் பெண்கள் பதிலடியில் கெட்டிக்காரர்கள். டிப்ஸும் நன்றாகக் கிடைக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஒருவரை இழிவுபடுத்த உரிமை கிடைத்துவிட்டதாக நினைத்து வரும் கூட்டத்துக்கு நடுவில், ஒரு பிரவுன் தோல்காரனாக நின்று சாப்பிட எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஒப்புகிறவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை.

பகலில் கதை வேறு. மதியம் போனால் பெரும்பாலும் சாதாரணக் கடை. வெளியே மேசைகளில் உட்கார்ந்து சாப்பிடலாம். சிறிது தூரத்தில் லிங்கன் பார்க் விலங்குக் காட்சிசாலை, நுழைவுக் கட்டணம் கிடையாது. குழந்தைகளோடு அங்கே போய்விட்டு, சுட்ட ஹாட் டாக்குக்காக இங்கே வருவது நல்ல திட்டம். அப்படிப் போனால் ஊரெல்லாம் பேசும் கிறுக்கு உங்களுக்குக் கிடைக்காது. ஹாட் டாக் மட்டும் கிடைக்கும். அது போதும் என்பவர்களுக்கு இது சரியான நேரம். கார் இல்லாதவர்களுக்கு மூன்றில் எளிதானதும் இதுதான்: கிளார்க் தெருவில் ஓடும் 22-ம் எண் பஸ் கடை வாசலைக் கடந்து போகிறது, இரவெல்லாம் ஓடுகிறது. அதே பஸ்ஸில் வடக்கே போனால் ரிக்லி ஃபீல்ட் பேஸ்பால் மைதானம்.

தேர்வு

போர்ட்டிலோஸ் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். 1963-ல் வில்லா பார்க்கில் ஒரு சிறிய டிரெய்லரில் தொடங்கி இன்று பங்குச் சந்தை வரை போன சங்கிலிக் கடை. சுத்தம், உட்கார இடம், எல்லாருக்கும் ஏதாவது ஒன்று. 2022-ல் செடிப் புரதத்தில் செய்த ஹாட் டாக்கையும் அறிமுகப்படுத்தினார்கள். சைவ விருந்தாளிக்கு முழு சிகாகோ அலங்காரத்தோடு ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டுமென்றால், அது அந்தக் கிளையில் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு அங்கே போவதுதான் புத்தி. மற்றபடி அது ஒரு கடை அனுபவம் அல்ல, நல்ல சாப்பாட்டு ஏற்பாடு. டெவனுக்குச் சற்றுத் தெற்கே பீட்டர்சன் அவென்யூவில் 1967 முதல் இருக்கும் வுல்ஃபீஸ், முள்கரண்டி குத்திய ராட்சத ஹாட் டாக் பலகைக்காகவே ஒரு படம் எடுக்கத் தகுந்தது. ஹாட் டக்ஸ் என்ற பெயர் பழைய பட்டியல்களில் இன்னும் தென்படும். கொழுப்பேறிய வாத்து ஈரலுக்கு (ஃபுவா க்ரா) அன்று நகரில் இருந்த விற்பனைத் தடையை மீறி 2007-ல் 250 டாலர் அபராதம் கட்டிய அந்தக் கடை 2014-ல் மூடப்பட்டுவிட்டது. தேடிப் போகாதீர்கள்.

அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்திருந்தால், அல்லது குழந்தைகள் இருந்தால், சூப்பர்டாக். இருட்டிய பிறகு போங்கள். நியான் விளக்கும் பொம்மைகளின் கண்களும் பகலில் பாதிதான். கோழி கேட்பவருக்குக் கோழி, சைவத்துக்கு வறுவல், மற்றவர்களுக்கு அட்டைப் பெட்டி. யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஹாட் டாக்குக்காகவே வருகிறவர் என்றால் ஜீன் அண்ட் ஜூட்ஸ். இரண்டு பேருக்கு மேல் போனால் ஒருவரை வரிசையில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் பலகையோரம் இடம் பிடியுங்கள். ஒற்றை வாங்கிவிட்டு மறுபடி வரிசையில் நிற்பதைவிட இரட்டையே வாங்கிவிடுவது நல்லது. வீனர்ஸ் சர்க்கிளுக்குப் பகலில் என்றால் யாரோடும். பின்னிரவில் என்றால், எதற்குப் போகிறோம் என்று தெரிந்த நண்பர்களோடு மட்டும். அப்பாவை அழைத்துப் போய், அந்தப் பெண்மணி என்ன சொன்னார் என்று அவர் கேட்கும்போது மொழிபெயர்க்க வேண்டிய நிலைக்கு ஆளாகாதீர்கள்.

கார் இல்லாமல் சூப்பர்டாக் போகிறவர்கள் ப்ளூ லைன் ரயிலில் ஜெபர்சன் பார்க் வரை வந்து, மில்வாக்கி அவென்யூவில் வடக்கே போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். போகலாம், ஆனால் காரில் மாட்டும் தட்டு இல்லாத சூப்பர்டாக்குக்கு எதற்காக அவ்வளவு தூரம்? நண்பர் ஒருவரின் காரை இரவல் கேளுங்கள். அவருக்கும் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தால் மறுக்க மாட்டார். மூன்று கடைகளுக்குமே வாரநாள், வார இறுதி என்று திறக்கும் நேரம் மாறும். புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலம் இந்தக் கணக்கை மாற்றும். ஜனவரியில் ஏரிக் காற்று வீசும்போது கிளார்க் தெருவின் வெளி மேசைகள் உதவாது; ரிவர் குரோவில் உள்ளே நெரிசலில் கோட்டும் கையுறையுமாக நின்று கடுகு சாஸ் சிந்தாமல் சாப்பிட வேண்டும். அந்த மாதங்களில், யாரோடு போனாலும், காரின் ஹீட்டரை ஓடவிட்டு, கண்ணாடியைத் தட்டு மாட்டுகிற அளவுக்கு மட்டும் இறக்கி, சூப்பர்டாக்கின் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வதைவிட வேறு தேர்வு கிடையாது.